முகத்தைக் காட்டவும்

“இங்க பாருடி ரியன், உன் அத்தான் யோக்கியதையை!”

கிளெனிஸ் டேப்லெட்டை மேஜைமேல் தள்ளினாள். தங்கச்சி ரியன் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

‘பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். முகத்தைக் காட்டவும்.’

“அடப்பாவமே! பேரன் எடுத்த வயசுல அத்தானுக்கு இதெல்லாம் கேக்குதா?” ரியனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“சிரிக்காதே, வயிறு எரியுது. சமையல்கட்டுல நின்னு இதுகிட்ட மூஞ்சியை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டிக்கிட்டிருந்தார். என்னைக் கண்டதும் படக்குனு மூடிட்டார்.”

அவள் கணவர் எம்ரிஸ் ஸ்வான்சீ சேப்பலில் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தார். கர்த்தரைப் பாடுகிற வாயாம்!

“மூஞ்சியைப் பார்த்து வயசைச் சோதிச்சுத்தான் உள்ள விடணும்கிற இந்தச் சட்டம் வரணும்னு அதே சேப்பல் வாசல்ல கையெழுத்து வாங்கினது நீதானே அக்கா?”

“ஊர்ப் பிள்ளைங்களுக்காக வாங்கினேன். என் வீட்டுக் கிழவர் மாட்டுவார்னு கண்டேனா?”

“உள்ள என்னதான் இருக்குன்னு பார்த்துடேன்.”

“சீ! நானா?”

சொன்னாளே தவிர, மனசு கேட்கவில்லை. புற்றுநோய் என்று அவளுக்கு ஒரு மார்பை எடுத்த நாளிலிருந்து எம்ரிஸுக்குப் படுக்கை பக்கத்து அறையில்தான். அங்கே துரத்தியது அவள்தான், அது வேறு விஷயம். ஆனாலும் இப்போது வேறு எவளையோ பார்க்கிறார் என்றால், தன்னை வெறுத்தேவிட்டாரா? அது தெரிந்தாக வேண்டும்.

டேப்லெட்டை எடுத்து நிமிர்த்தினாள். வட்டத்துக்குள் அவள் முகம் வந்து நின்றது. தன் முகத்தைப் பார்த்தே எத்தனை நாளாயிற்று!

‘இடப்பக்கம் திரும்பவும்.’

திரும்பினாள்.

‘வாயைத் திறக்கவும்.’

“என் தலையெழுத்து!” என்று திறந்தாள்.

பூட்டு விலகியது. படம் படமாகப் பெண்கள். மேலாடை இல்லை.

“நான் சொல்லலை?” என்று கத்தப்போனவள் அப்படியே நின்றாள். அத்தனை பேருக்கும் மார்பில் தழும்பு, அவளுக்கு இருப்பதைப் போலவே. சிலர் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“அக்கா, இது ஆபரேஷன் ஆனவங்களோட வீட்டுக்காரங்க பேசிக்கிற இடம்.” ரியனின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. “கீழே அத்தான் பேர் இருக்கு, பாரு.”

கிளெனிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தாள்.

‘என் மனைவி வீட்டுக் கண்ணாடியை எல்லாம் கழற்றி வைத்துவிட்டாள். அவள் இப்பவும் அழகுதான், நான் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறாள். நீங்களெல்லாம் எப்படிச் சொன்னீர்கள்?’