எட்டு இடங்கள்

எவ்வளவு மெதுவாக்கினாலும் பாட்டு இனித்தது. அதுதான் சிக்கல்.

"இனிக்கக் கூடாதுண்ணா," என்றாள் பாடகி, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்து. "கேக்கிறவங்களுக்குக் கதவைப் பூட்டுற சத்தம் கேக்கணும்."

இருபது வருடமாக எல்லோர் வாயிலும் இருக்கும் காதல் பாட்டு. என் கல்யாணத்தில் மூன்று முறை போட்டார்கள். என் கைப்பேசி மணியும் அதுதான். அதைத் தன் குரலில் மறுபடி பாடி வெளியிட வேண்டும் என்று என் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்திருந்தாள்.

பழைய பாட்டில் ஆண் ஒவ்வொரு வரியாகக் கொஞ்சுவான். 'வெளியே வெயில், போகாதே.' 'தோழிகள் எதற்கு, நான் இருக்கிறேன்.' 'சன்னலைச் சாத்து, ஊர் பார்க்கிறது.'

ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு பெண்குரல் சிணுங்கிக்கொண்டே 'சரி' என்னும். மொத்தம் எட்டு சரி. பழைய பாட்டைப் பாடிய பெரிய பாடகர் மேடைகளில் அதைப் பாடும்போது, அந்தச் சரியைக் கூட்டமே சேர்ந்து கத்தும்.

இவள் ஆணின் வரிகளை மட்டும் பாடினாள். சரி சொல்ல வேறு யாரையாவது கூப்பிடட்டுமா என்று கேட்டதற்கு முறைத்தாள். அதனால் அந்த எட்டு இடங்களிலும் சின்னதாகப் புல்லாங்குழல் வைத்திருந்தேன். பாட்டில் ஓட்டை விடக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம்.

ஓர் இயந்திரத்தில் எந்தச் சக்கரம் மற்றதையெல்லாம் ஓட்டுகிறது என்று தெரிய வேண்டுமானால், ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்க வேண்டும். பாட்டும் அப்படித்தான்.

தாளத்தை நிறுத்தினேன். இனித்தது.

வயலின்களை எடுத்தேன். தாலாட்டு மாதிரி ஆகி, கூடுதலாக இனித்தது.

"சர்க்கரை ஆலைல உப்பு தேடுறீங்கம்மா," என்றேன். "நல்ல பாட்டு. விட்டுடுங்களேன்."

"அப்படித்தான் எல்லாரும் சொன்னாங்க. விடமாட்டேன். இன்னொரு தடவை போடுங்க."

மிச்சம் இருந்தது புல்லாங்குழல் மட்டும். அதையும் அணைத்தேன்.

'வெளியே வெயில், போகாதே.'

இரண்டு தட்டு நேரம், ஒன்றுமில்லை.

'தோழிகள் எதற்கு, நான் இருக்கிறேன்.'

இரண்டு தட்டு நேரம், ஒன்றுமில்லை.

மூன்றாவது வரியில் என் முதுகு நிமிர்ந்தது.

இத்தனை வருடமும் அவன் கெஞ்சுகிறான் என்றே நினைத்திருந்தேன். பதில் வராதபோதுதான் தெரிந்தது, அவன் ஒரு தடவைகூட அவளைக் கேட்கவில்லை. உத்தரவு போட்டுக்கொண்டே போகிறான். அதைக் கொஞ்சலாக்கியது அந்தச் சரிதான். நான் வைத்த புல்லாங்குழலும் அவனுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

என் கல்யாண நாளில் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தவளை நினைத்துக்கொண்டேன். அவள் இந்தப் பாட்டைச் சேர்ந்து பாடி நான் கேட்டதில்லை.

பாட்டு முடிந்தது. பேச வேண்டுமே என்று பேசினேன். "பழைய பாட்டுல சரி சொன்னது யாரோ? கேசட் உறைல அவர் பேரு மட்டும்தான் இருக்கு."

பாடகி காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினாள்.

"நான்தாண்ணா. அப்போ அவருக்குப் பொண்டாட்டி."

புல்லாங்குழலை அழித்தேன். எட்டு இடங்களிலும் இப்போது அவள் மூச்சு விடுவது மட்டும் கேட்கிறது. பதில் கிடையாது. அப்படியே வெளியிட்டோம்.