ஜெல்சிமியம்

குப்பி அவள் கையில் இருந்தது. சுண்டுவிரல் உயரம். உள்ளே, கழுத்து வரைக்கும் வெள்ளை உருண்டைகள்.

கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் அவர்.

"கையில தொட்டுறாத! மூடியில தட்டி, அப்பிடியே நாக்குல போடு!"

மைதானமே திரும்பிப் பார்த்தது. லைசென்ஸ் எடுக்க வந்த பொடிசுகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன.

நாச்சிமுத்துவுக்கு அதெல்லாம் உறைக்காது. கூட்டுறவு வங்கியில் வேலை, ஓமியோபதியில் உயிர். வீட்டில் ஒரு மரப்பெட்டி நிறைய மருந்து வைத்திருக்கிற புருஷன். தும்மினால் ஒன்று கொடுப்பார். எதிர்த்துப் பேசினால் அதற்கும் ஒன்று உண்டு.

"நாக்க நீட்டு."

கல்யாணமான நாளிலிருந்து இதே பாட்டுத்தான்.

நீட்டுவாள்.

வண்டிப் பரீட்சைக்கு அவர் எடுத்தது ஜெல்சிமியம். கேட்டவர்களுக்கும் விளக்குவார், கேட்காதவர்களுக்கும் விளக்குவார். அது ஒரு கொடியாம். மஞ்சளாய்ப் பூக்குமாம். பூ அழகு, வேரெல்லாம் விஷம். தின்றால் கை கால் நடுங்கி ஆளே போய்விடுமாம். அதையே கரைத்து, கரைத்ததை மறுபடி கரைத்து, ஒன்றுமே மிச்சமில்லை என்கிற அளவுக்குக் கரைத்துக் கொடுத்தால் நடுக்கம் நின்றுவிடுமாம்.

"எது நடுங்க வெக்குதோ, அதேதான் நடுக்கத்த நிறுத்தும்."

அவளுக்கு எங்கே நின்றது?

ஒவ்வொரு தடவையும் இதே மைதானம். இத்தனை பேர் பார்க்க, சின்னப் பிள்ளை மாதிரி நாக்கை நீட்டிக்கொண்டு நிற்பாள். அதோடு கை உதற ஆரம்பிக்கும். எட்டுப் போடும்போது இரண்டாவது வளைவில் கால் தரையில் ஊன்றிவிடும். ஃபெயில். அவர் அடுத்த தடவைக்கு வீரியத்தைக் கூட்டுவார். முப்பது போய் இருநூறு வந்தது. இன்றைக்கு ஆயிரம்.

அவர் பஸ் ஏறி வங்கிக்குப் போன பிறகு, இதே ஸ்கூட்டரைத் தென்னந்தோப்புப் பாதையில் அவள் விரட்டுகிற விரட்டு அவருக்குத் தெரியாது.

இன்றைக்கும் கோட்டை விட்டால் அவ்வளவுதான். பால் சங்கத்தில் வேலை கொடுத்திருந்தார்கள். ஊர் ஊராய் வண்டியில் போய்ப் பாலைச் சோதிக்கிற வேலை. இந்த வாரம் தேறினால் திங்கட்கிழமை சேரலாம். இல்லையென்றால் வேறு ஆள் தயார். பிறந்ததிலிருந்து அவள் பேருக்கென்று வந்த முதல் வேலை அது.

வாசலில் காவலாளி கையைக் குறுக்கே நீட்டியதுதான் இன்றைக்குப் புதுசு.

"கூட வந்தவங்க வெளிய நில்லுங்க. டெஸ்ட்டுக்கு வந்தவங்க மட்டும் உள்ள."

அப்படித்தான் குப்பி அவள் கைக்கு வந்தது.

அவள் வேலிக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள்.

தலையை அண்ணாந்தாள். வெறும் வாயைத் திறந்து மூடினாள். குப்பியைக் கைப்பைக்குள் போட்டாள்.

திரும்பிப் பார்த்தபோது அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். பரம திருப்தி.

புளியமரத்துக்குப் பின்னால் ஒருவர் சைக்கிளில் காபி விற்றுக்கொண்டிருந்தார். மருந்து நாளில் காபி கூடாது. காபி பட்டால் மருந்து செத்துப்போகும் என்பது நாச்சிமுத்துவின் சட்டம்.

வாங்கினாள். நல்ல ஸ்ட்ராங். நின்று நிதானமாகக் குடித்தாள்.

கையைப் பார்த்தாள்.

அட! உதறலையே காணோம்.

பிரேக் இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "மறுபடியுமா? பாத்து அம்மிணி. கால் கீழ பட்டுச்சுன்னா இன்னொரு மாசம்."

"படாதுங்க."

சுண்ணாம்பில் போட்ட எட்டு. முதல் வளைவு. வண்டி சாய்ந்தது, அவளும் கூடவே சாய்ந்தாள்.

இரண்டாவது வளைவு.

வேலியருகே அவர் உதடு அசைந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

வளைந்தாள். கால் வண்டியிலேயே இருந்தது.

"பாஸ். அடுத்த ஆளு வாங்க."

அவள் நிறுத்தவில்லை. இன்னொரு எட்டு. அதற்கு மேலும் ஒன்று. உடம்பெல்லாம் சந்தோஷம். சத்தமாகச் சிரித்துவிட்டாள்.

"அம்மிணி, போதும்! பாஸுன்னு சொல்லிட்டேன்ல!"

பொடிசுகள் விசிலடித்தன.

வாசலில் அவர் காவலாளியிடம் ஆரம்பித்திருந்தார். "ஆயிரம்னா சும்மாவா? மஞ்சப் பூக் கொடிங்க அது. வேரு பூராவும் விஷம்..." அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் பல். "பாத்தியா? நாஞ் சொன்னன்ல?"

சாவிக்குக் கையை நீட்டினார்.

அவள் இறங்கவில்லை.

"பின்னாடி உக்காருங்க."

நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். காவலாளி பார்த்துக்கொண்டிருந்தான். உட்கார்ந்தார்.

பொள்ளாச்சி ரோடு. காற்று. அவள் முறுக்கினாள்.

"மெதுவா... ஏய், மெதுவா... லாரி வருது!"

லாரி பின்னுக்குப் போனது. அவள் தோளைப் பிடித்திருந்த கை உதறிக்கொண்டிருந்தது. அந்த உதறல் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"என்னமோ... காபி வாசம் வருதே?"

அவள் வண்டியை ஓரம் கட்டினாள். காலைத் தரையில் ஊன்றினாள். அவளாகவே ஊன்றினாள்.

பையிலிருந்து குப்பியை எடுத்தாள். கழுத்து வரைக்கும் வெள்ளை உருண்டைகள்.

அவர் குப்பியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

அவள் மூடியைத் திறந்து, அதில் நாலு உருண்டைகளைத் தட்டினாள். கையால் தொடவில்லை.

"நாக்க நீட்டுங்க."