குரல் சோதனை

படுக்கையறை ஜன்னலை மெத்தையால் அடைத்திருக்கிறார்கள். ஓரத்து இடுக்கில் நுழையும் சாயங்கால வெயில் மைக்கின் கம்பிவலையில் மட்டும் விழுகிறது. நாளைக் காலை ஆபரேஷனில் அம்மாவின் குரல்வளையை எடுத்துவிடுவார்கள். அதற்குள் அவள் பேச்சைப் பதிந்து வைத்தாக வேண்டும். மைக்கின் ஒலியைத் தூக்கித் தருவதற்கென்று அண்ணன் கொண்டுவந்த ப்ரீஆம்ப் என்கிற இரும்புப் பெட்டி மேஜையில் சூடேறிக் கிடக்கிறது. தங்கையின் மடியில் மடிக்கணினி. "இது வழியா போனாதான் குரல்ல சதைப்பிடிப்பு இருக்கும்," என்கிறான் அண்ணன். "அந்தச் சதையை கம்ப்யூட்டர்லயே ப்ளக்இன் போட்டு அப்புறம் ஏத்திக்கலாம். உன் பெட்டி இரையுது, காது அடைஞ்சா போச்சு?" என்று தங்கை சீறுகிறாள். "பெரிய பட்டதாரி! அம்மா, இன்னொரு தடவை சொல்லும்மா," என்கிறான் அவன். மதியத்திலிருந்து இதே கூத்துதான். பெட்டி வழியாக ஒருமுறை, பெட்டி இல்லாமல் ஒருமுறை. "ஒண்ணு, ரெண்டு, மூணு," என்கிறாள் அம்மா. "ஸ்கூல்ல கூட இத்தனை தரம் எண்ணினதில்லடா." அவள் சிரிப்பு இருமலாகிறது. "சரி, உன் பெட்டியே இருந்து தொலையட்டும்," என்று தங்கை ஹெட்போனை மாட்டுகிறாள். சிவப்பு விளக்கு எரிகிறது. "இப்ப நெஜமா பேசும்மா. எங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடு." அம்மா மைக்கிடம் குனிந்து வாய் திறக்கிறாள். வெறும் காற்றுதான் வருகிறது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு மறுபடி முயல்கிறாள். அண்ணன் பெட்டியின் குமிழைத் திருப்புகிறான், இன்னும் திருப்புகிறான், இரைச்சல்தான் ஏறுகிறது. தங்கையின் திரையில் மதியம் முழுக்கப் பதிந்த கோப்புகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் அம்மா தெளிவாக, வெகு தெளிவாக, மூன்று வரைக்கும் எண்ணுகிறாள்.