நாலு ஆணிச் சட்டம்

பூங்கா வாசலில் நின்ற தூங்குமூஞ்சி மரத்தில் ஒரு தகரப் பலகையை நாலு ஆணி வைத்து அறைந்துவிட்டுப் போனார்கள். ‘மரங்களில் ஆணி அடிப்பது குற்றம். மீறினால் அபராதம். இப்படிக்கு, நகராட்சி’ என்று அதில் எழுதியிருந்தது.

“நான் யார் தெரியுமா? சட்டம்!” என்றது பலகை.

“வலிக்கிறது,” என்றது மரம்.

கிளையில் குடியிருந்த அணில்தான் முதலில் கவனித்தது. மழைக்காலம் ஒவ்வொன்றுக்கும் மரப்பட்டை ஒரு விரலளவு பலகையின்மேல் ஏறிக்கொண்டிருந்தது. ஓர எழுத்துகள் மறைந்தன. பிறகு நடு எழுத்துகளும் மறையத் தொடங்கின.

“ஏய், சட்டத்தையே விழுங்குகிறாயா?” என்று பலகை அலறியது.

“காயத்தை மூடிக்கொள்கிறேன், அவ்வளவுதான்,” என்றது மரம்.

கடைசியில் நகக்கண் அளவு தகரம்தான் வெளியே தெரிந்தது.

ஒருநாள் நகராட்சி ஊழியர் பிச்சுமணி புதுப் பலகையோடு வந்தார். ஆணிகளை உதட்டில் கவ்விக்கொண்டு மரத்தைத் தடவிப் பார்த்தார். விரலில் தகரம் தட்டுப்பட்டது. பிடித்து இழுத்தார், அசையவில்லை. அடிமரத்திலிருந்து உச்சிவரை அண்ணாந்து பார்த்தார். ஆணிகளை மெல்ல வாயிலிருந்து எடுத்தார்.

“யம்மாடி! முழுப் பலகையையும் உள்ளே இழுத்துக்கிடுச்சே!”

ஆணிகளைப் பையில் போட்டுக்கொண்டு, புதுப் பலகையை விளக்குக் கம்பத்தில் கம்பியால் கட்டிவிட்டுப் போனார்.

அணில் மரப்பட்டையில் காதை வைத்தது. உள்ளேயிருந்து பலகை கேட்டது: “என்னை வாசித்தாரா?”

“இல்லை. உன் எழுத்து ஒன்றுகூட வெளியே இல்லை,” என்றது அணில். “ஆனால் ஆணி அடிக்காமல் போய்விட்டார்.”