கோப்பையில் மிஞ்சிய ரஞ்சிதம்

தேன், பட்டை, ஆப்பிள் கலந்த விஸ்கியெல்லாம் புதுச்சேரிக்காரர்களுக்குச் சலித்துப்போயிருந்தது. இப்போது குடிப்பவரின் நினைவே விஸ்கிக்குச் சுவை. கோப்பையைப் பிடித்தபடி ஒருவரை நினைத்தால் அந்த நினைவு உள்ளே இறங்கிவிடும். குடித்தபின் அது மனத்தில் இருக்காது. அன்பான நினைவுகளே அதிகம் இனித்ததால், எல்லோரும் அவற்றைத்தான் முதலில் குடித்துத் தீர்த்தார்கள்.

பாரில் ஊற்றிக் கொடுக்கும் பிலோமினாவுக்கு மனசு கேட்காது. "தெனம் ரஞ்சிதம் அக்காவயேவா குடிப்பீங்க? வேற யாரையாச்சும் நெனைங்க சார்" என்று குணாளனிடம் கெஞ்சுவாள்.

"மேனேஜர நெனச்சா கசக்குதே பிலோ!" என்று அவன் சிரிப்பான்.

அன்று மாலை அவன் மனைவி ரஞ்சிதம் அவனைத் தேடிக்கொண்டு பாருக்கே வந்துவிட்டாள். "எழுந்திரிங்க, வீட்டுக்குப் போலாம்."

குணாளன் மரியாதையாக எழுந்து நின்றான். "யாரத் தேடுறீங்க மேடம்?"

அவன் விளையாடவில்லை. பிலோமினா மாதாவை வேண்டிக்கொண்டு, அவன் கையிலிருந்த பாதிக் கோப்பையை வாங்கி ரஞ்சிதத்திடம் நீட்டினாள். "குடிங்கக்கா. இது உங்களோடது."

மதுவைத் தொட்டே அறியாத ரஞ்சிதம் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். பிரசவ வார்டில் அவள் கண் விழித்ததைப் பார்த்தபோது அவனுக்குள் பொங்கிய நிம்மதி நாக்கில் இனித்தது. அதை அவன் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அழுது முடித்துவிட்டு, நாற்காலியை இழுத்து அவனெதிரே உட்கார்ந்தாள்.

"என் பேரு ரஞ்சிதம். உங்களப் பத்தி கொஞ்சம் சொல்றேன், கேக்குறீங்களா?"

குணாளன் தயங்கித் தயங்கி உட்கார்ந்தான்.