நாற்பத்தேழாவது வினா

"வினா எண் நாற்பத்தேழு" என்றார் சபாநாயகர்.

அமைச்சர் எழுந்தார்.

கையில் ஒரு தாள். தாளில் இரண்டே வரி.

அ) இல்லை.
ஆ) எழவில்லை.

கேள்வியைச் சபையில் யாரும் வாசிப்பதில்லை. அச்சடித்த புத்தகத்தில் இருக்கும். அ) சாயப்பட்டறையின் கழிவுத் தொட்டியில் இறங்கிய மூன்று தொழிலாளர்கள் விஷவாயு தாக்கி இறந்தது உண்மையா? ஆ) ஆம் எனில், அரசு எடுத்த நடவடிக்கை என்ன?

அந்தப் பட்டறை, இவருடைய கட்சித் தலைவரின் சம்பந்திக்குச் சொந்தம். தொழிலாளர் துறைக்கு இவர் அமைச்சர்.

மூவரில் ஒருவன் நாச்சிமுத்து. இவர் முதன்முதலில் வார்டு கவுன்சிலருக்கு நின்றபோது, சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு சுவர் சுவராக இவர் பெயரை எழுதியவன். இரண்டு தடவை எம்.எல்.ஏ.வுக்குத் தோற்றபோதும் எழுதினான். ஜெயித்தபோதும் எழுதினான். தனக்கென்று ஒன்றும் கேட்கத் தெரியாத மடையன்.

குடித்துவிட்டு விழுந்து செத்தான் என்று போலீஸ் எழுதி முடித்துவிட்டது.

சொட்டுக் குடிக்காதவன்.

மேலே பார்வையாளர் மாடத்தில், முன்வரிசையில், அவன் மனைவி பழனாத்தாள் உட்கார்ந்திருக்கிறாள்.

வரவழைத்தவர் இவரேதான். நாலு பேர் சுற்றி நின்றால் இவருக்கு வாய் சும்மா இருக்காது, துக்க வீடானாலும் சரி. "அவன் குடிகாரன் இல்லைன்னு சட்டசபையிலயே எந்திரிச்சுச் சொல்றேன் பழனா. நீயே வந்து கேளு" என்று சொல்லிவிட்டார். சொன்னபோது மனதாரத்தான் சொன்னார்.

அது ஒன்று போதும் என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை.

பதில் நேற்று மாலை மேசைக்கு வந்தது. கையெழுத்துப் போட்டார். போடாவிட்டால் இன்றைக்கு இந்த நாற்காலியில் வேறொருவர் இருப்பார். முப்பது வருஷம் நாய் படாத பாடு பட்டு வந்த இடம் இது. வேறு பிழைப்பு இவருக்குத் தெரியாது.

வெட்கமாக இருந்தது. பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

தாளைப் பார்த்து வாசித்தார்.

"அ, இல்லை. ஆ, எழவில்லை."

மேசைகளைத் தட்டினார்கள். எதற்கென்று தட்டியவர்களுக்கே தெரியாது. எதிர்க்கட்சி உறுப்பினர் துணைக் கேள்வி கேட்க எழுவதற்குள் சபாநாயகர் நாற்பத்தெட்டைக் கூப்பிட்டுவிட்டார்.

அவ்வளவுதான். உட்கார்ந்தார். மாடத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

சபை கலைந்ததும் தாழ்வாரத்துக்கு வந்தார். பழனாத்தாள் நின்றிருந்தாள்.

திட்டப்போகிறாள் என்று நினைத்தார். திட்டித் தொலைத்தால் தேவலை என்றும் நினைத்தார்.

"காலீலருந்து காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தனுங்ணா. எங்கூட்டுக்காரரு பேச்சு எப்பங்ணா வரும்?"

உண்மையைச் சொல்ல அப்போதும் இடமிருந்தது.

"நாளைக்கு" என்றார்.

அவள் முகம் தெளிந்தது.

"செரிங்ணா. அப்ப நான் ஊருக்குப் போகுல. இங்கியே இருந்து கேட்டுப்போட்டுப் போறனுங்" என்று, சுவரோரம் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள்.