பய்யூமிக்கு ஒன்பது மார்க்

"பள்ளி நாட்களில் கால்பந்து அணிக்குத் தலைவராக இருந்தீர்களா?" என்ற கேள்விக்கு, 'இல்லை' என்று எழுதியிருந்தார் பய்யூமி. டாக்டர் மம்தூஹ் சிவப்புப் பேனாவால் அதன் பக்கத்தில் ஒரு முட்டை போட்டார்.

"அப்பா சின்ன வயசுலயே தவறிட்டாரா? தம்பி தங்கச்சிகளை நீங்கதான் வளர்த்து ஆளாக்கினீங்களா?"

"இல்லீங்க டாக்டர். அவர் போய் ரெண்டு வருஷம்தான் ஆச்சு. நான்தான் வீட்டுக்குக் கடைசி."

இன்னொரு முட்டை. கூட்டிப் பார்த்தார் டாக்டர். நூற்றுக்கு ஒன்பது!

கெய்ரோவின் அந்த ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியில், முகவர்களைத் தேர்ந்தெடுக்கும் பிரிவுக்கு ஓர் உதவியாளர் தேவைப்பட்டார். டாக்டரோ அமெரிக்காவில் மனோதத்துவம் படித்துவிட்டு வந்தவர். ஆறு மாதமாக இங்கே ப்யூன் வேலைக்குக்கூட அவருடைய மார்க் இல்லாமல் ஆள் எடுக்க முடியாது.

பய்யூமிக்கு வயது ஐம்பத்தி நாலு. பதினைந்து வருடமாகக் கம்பெனி வாசலில், நடைபாதையில் மேசை போட்டு, பென்ஷன் மனுவிலிருந்து விவாகரத்து மனு வரை எழுதிக் கொடுத்துப் பிழைத்தவர். இந்த மாதத்தோடு மேசையை எடுத்துவிட வேண்டும் என்று நகராட்சி சொல்லிவிட்டது. வீட்டில் ஐந்து வயிறு.

"மனசுல வெச்சுக்காதீங்க ஹாஜி. இந்த மார்க்குக்கு வேலை குடுக்க முடியாது" என்றார் டாக்டர்.

"டாக்டர், இது ஆளைப் பாத்து எடுக்குற வேலைதானே? பத்து நிமிஷம் பேச்சு குடுத்தா, ஒருத்தன் எப்படிப்பட்டவன்னு நான் சொல்லிடுவேங்க."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பேசிப் பாத்து ஆள் எடுத்த காலமெல்லாம் மலையேறிடுச்சு! மதாம் அவாதிஃப், ஹாஜிக்கு அந்த அட்டவணையைக் காட்டுங்க."

காரியதரிசி அவாதிஃப் சுவரில் மாட்டியிருந்த பெரிய தாளைக் காட்டினாள். பழைய விண்ணப்பங்களை எல்லாம் படித்து, கட்டம் போட்டு எழுதிக் கொடுத்தவள் அவள்தான். டாக்டர் அட்டவணையோடு சரி. பழைய காகிதம் பட்டால் அவருக்குத் தும்மல் வரும்.

"எங்ககிட்ட அதிகமா பாலிசி பிடிக்கிற முகவர்கள்ல முதல் இருபது பேர், வேலைக்குச் சேர வந்தப்ப தங்களைப் பத்தி எழுதிக் குடுத்தது இது. அதுல பதினெட்டு பேர் ஃபுட்பால் கேப்டன்! அதே பதினெட்டு பேர் அப்பா இல்லாம, தம்பி தங்கச்சிகளைக் கரையேத்தினவங்க!" டாக்டர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "கடைசி இருபது பேரைப் பாருங்க. ஒருத்தன்கூட பந்தைத் தொட்டதில்ல. இந்தக் கணக்கைப் பத்தி அடுத்த மாசம் பாரிஸ் மாநாட்டுல பேசப்போறேன், தெரியுமா?"

பய்யூமி எழுந்து போய் அட்டவணையை மேலிருந்து கீழே படித்தார். பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்ன ஹாஜி, அழறீங்களா?"

"இல்லீங்க... இந்தப் பதினெட்டு ஃபாரமும் கீழ என் மேசையில நான் எழுதினதுங்க."

"எழுதினா என்ன? அவங்க சொன்னதைத்தானே எழுதினீங்க?"

"அவங்க எங்க சொன்னாங்க? இதுல முக்கால்வாசிப் பேர் ஃபுட்பாலை ரேடியோவுலதான் கேட்டிருப்பாங்க. மூணாவதா இருக்கானே ஷாஃபியி, அவன் அப்பா நேத்துகூட என் மேசையில உக்காந்து டீ குடிச்சுட்டுப் போனாரு. வல்லாஹி, அல்லா மேல ஆணை!"

அவாதிஃப் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தாள். டாக்டரின் முகம் வெளுத்துப்போயிற்று. பாரிஸ் போச்சு, பதவியும் போச்சு என்று நினைத்தாரோ என்னவோ, மேசையை ஓங்கிக் குத்தினார்.

"அட பாவி மனுஷா! ஃபாரத்தைத் தூக்கிட்டு வர்றவனுக்கெல்லாம் இதே பொய்யைத்தான் எழுதிக் குடுத்தீங்களா?"

பய்யூமிக்கு ரோஷம் வந்துவிட்டது.

"எல்லாருக்குமா? நல்லா இருக்கே! பத்து நிமிஷம் பேச்சு குடுத்துப் பாப்பேன். தேறாதவனுக்கு உள்ளதை உள்ளபடி எழுதிடுவேன். தேறுவான்னு பட்டாத்தான் டாக்டர், அப்பாவைச் சாகடிப்பேன்."